தொட்டி முதலில், பெட்டா பிறகு: கேள்வி பதில்

கேள்வி: சார், பெட்டா என்கிற சண்டை மீனைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் வைத்துத்தானே விற்கிறார்கள்? வீட்டிலும் அப்படியே வைத்தால் என்ன?

பதில்: கடையில் ஜாடியில் வைப்பது, ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடாமல் இருக்கத்தான். அது சில நாள் ஏற்பாடு. பெட்டாவுக்குச் செவுள் போக லேபிரிந்த் என்றொரு உறுப்பும் உண்டு. அதன் உதவியால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் அம்மோனியாவிடமிருந்து அந்த உறுப்பு காப்பாற்றாது. மீனின் செவுள் வழியாகவும் கழிவு, மீந்த தீனி வழியாகவும் அம்மோனியா சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் ஜாடியில் அது மிக வேகமாக ஏறிவிடும்.

குறைந்தது 10 லிட்டர் தொட்டி வேண்டும். புதிதாக வளர்ப்பவருக்கு நான் சொல்வது 20 லிட்டர். பெரிய தொட்டியில் கழிவும் வெப்பமும் மெதுவாகத்தான் மாறும், தவறு நடந்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். உயரமான தொட்டியைவிட நீளமானது நல்லது, மூச்சுவிட மேலே வரும் தூரம் குறையும். மூடி கட்டாயம் வேண்டும், பெட்டா துள்ளிக் குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 4 செ.மீ. காற்று இடைவெளி விடுங்கள்.

கேள்வி: தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாம் வாங்கிவிட்டேன் அண்ணா. இந்த வாரமே மீன் விடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. புது ஃபில்டர் வெறும் பஞ்சுதான். அதில் பாக்டீரியா குடியேறிய பிறகுதான் அது ஃபில்டர். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வரை கவலையில்லை. இந்தப் பாக்டீரியா வளர்வதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

தொட்டியில் குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை இரவு பகலாக ஓட விடுங்கள். வாசனையோ சோப்போ கலக்காத சுத்தமான அம்மோனியா கரைசல் கிடைத்தால், அளவு 2 பிபிஎம் வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சொட்டு டெஸ்ட் கிட்டில் (சொட்டு விட்டு நிறத்தை வைத்து அளக்கும் பெட்டி) பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், இரண்டும் இறங்கும்போது நைட்ரேட் தெரியும். கரைசல் சேர்ப்பவர்களுக்கு, 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்ஜியமாகி நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்றால் தொட்டி தயார். தீனி போடுபவர்கள், போட்டுக்கொண்டே இருக்கும்போது ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். அதன்பின் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிவிட்டு மீனை விடுங்கள்.

நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். அதைக் காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டு வர வேண்டும். பின்னால் ஃபில்டரைக் கழுவும்போதும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

கேள்வி: மகளுக்குப் பரிசாக மீன் ஏற்கெனவே வந்துவிட்டது மேடம். தொட்டி தயாராகவில்லை. என்ன செய்வது?

பதில்: பதற வேண்டாம், கொஞ்சம் உழைப்பு கூடும், அவ்வளவுதான். தினமும் டெஸ்ட் பண்ணுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5 பிபிஎம்-ஐத் தொட்டால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள், தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும். புதுத் தண்ணீர் பழையதன் வெப்பத்திலேயே இருக்கட்டும். ஒரு மாதம் இப்படிப் பொறுமையாகச் செய்தால் மீனோடு சேர்ந்தே தொட்டியும் தயாராகிவிடும்.

கேள்வி: கடையில் பத்து மீன் இருந்தால் எதை எடுப்பது?

பதில்: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஜாடி அருகே விரலை மெல்ல நகர்த்தினால் மீன் திரும்பிப் பார்க்க வேண்டும், பின்தொடர்ந்தால் இன்னும் நல்லது. கண் தெளிவாக, செதில் உடலோடு படிந்து, துடுப்பு விரிந்து இருக்கட்டும். துடுப்பை ஒடுக்கி அடியில் படுத்திருப்பது, வயிறு உள்வாங்கியது, ஜாடிச் சுவரில் உரசுவது ஆகியவற்றை எடுக்காதீர்கள். பாவப்பட்டு நோயாளி மீனை வாங்கும் நல்ல மனசு பலருக்கு உண்டு. முதல் மீனாக அது வேண்டாம்.

வகையில், முதல் முறைக்குக் குட்டை வால் பிளாகாட்தான் என் பரிந்துரை. சுறுசுறுப்பாக நீந்தும், வால் கிழியும் தொல்லை குறைவு. ஹாஃப்மூன், ரோஸ்டெயில் போன்ற கனத்த வால்காரர்கள் சீக்கிரம் களைத்துப் போவார்கள், தம் வாலைத் தாமே கடிப்பதும் உண்டு. டிராகன் வகையில் தடித்த செதில் சில மீன்களுக்குக் கண்மேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும்.

கேள்வி: ஹீட்டர் தேவையா?

பதில்: தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அறையின் சூட்டை அல்ல, தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் வைத்து விடியற்காலையில் பாருங்கள். 24-க்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் வேண்டும். 20 லிட்டருக்கு 25 வாட், குளிர் மிகுந்த அறை என்றால் 50 வாட், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) உள்ளதாக. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முதலில் நிறுத்திவிடுங்கள், வெளியே தெரிந்தபடி சூடானால் கண்ணாடி வெடிக்கும்.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர் சுத்தமானதுதானே, அதையே ஊற்றலாமா?

பதில்: தனியாக வேண்டாம். அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, பிஎச் (அமில-கார அளவு) திடீரென்று சரியும். தாது உப்பு மிகுந்த கடினமான தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம். குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் ஒரு நாளில் போகும், குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் போகாது. ஆகவே ஆன்டி குளோரின் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் போடுவதே பாதுகாப்பு. பிஎச் 6.5 முதல் 7.5 வரை நல்லது, சற்றுக் கூடினாலும் நிலையாக இருந்தால் மீன் பழகிக்கொள்ளும். பிஎச் அளவைத் துரத்தி மருந்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: தினமும் எத்தனை தீனி? வயிறு உப்பினால் பட்டாணி கொடுக்கச் சொல்கிறார்களே அக்கா?

பதில்: பெட்டா பூச்சி தின்னும் மீன். பட்டாணி அதன் உணவு அல்ல. காலை மூன்று, மாலை மூன்று சிறு பெல்லட் (உருண்டைத் தீனி), வாரம் ஒருநாள் பட்டினி. பெல்லட்டின் முதல் மூலப்பொருள் மீனோ பூச்சியோ ஆக இருக்கட்டும், கோதுமை அல்ல. வாரம் ஓரிரு முறை ஆர்டீமியா அல்லது டாப்னியா என்ற ஓடுள்ள குட்டி நீருயிரிகளைக் கொடுங்கள். வயிறு உப்பிச் சாய்ந்து நீந்தினால் இரண்டு நாள் பட்டினி போட்டு, மூன்றாம் நாள் டாப்னியா கொடுங்கள். அதன் ஓடு செரிக்காமல் குடலைத் தள்ளிவிடும். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் சிலிர்த்து நின்றால் அது உப்புசம் அல்ல, உள்ளுறுப்பு செயலிழந்து நீர் கோத்திருக்கிறது. அதிலிருந்து மீள்வது அரிது.

கேள்வி: வால் கிழிந்திருக்கிறது. நோயா, கடித்ததா?

பதில்: ஓரத்தைப் பாருங்கள். ஒரே இரவில் அரைவட்டமாகத் துண்டு போயிருந்து ஓரம் சுத்தமாக இருந்தால் தானே கடித்தது அல்லது எதிலோ சிக்கியது. பிளாஸ்டிக் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், மெல்லிய நைலான் துணி சிக்கும் எதுவும் வாலையும் கிழிக்கும். ஓரம் கறுத்து அல்லது வெளுத்து, நாளுக்கு நாள் உள்நோக்கித் தேய்ந்தால் வால் அழுகல். முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் மீன்தொட்டி உப்பைத் தனியே கரைத்துச் சேர்க்கலாம். மாற்றும் தண்ணீருக்கு மட்டும் உப்பை ஈடுகட்டுங்கள், 10 நாளுக்கு மேல் வேண்டாம். நத்தையும் செடியும் உப்பைத் தாங்காது, மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்துச் செய்யுங்கள். கண்ணாடி போலத் தெளிந்த புது ஓரம் தெரிந்தால் வால் வளர்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டியிருக்கிறது. துணை கேட்கிறதா?

பதில்: ஆண் பருவத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவே. பெண் மீனைச் சேர்த்தால் சண்டைதான். துணை வேண்டுமென்றால் ஒரு நெரைட் நத்தை போதும். கப்பி என்ற சின்ன மீன் வேண்டாம், அதன் விரிந்த வாலைப் பார்த்தால் பெட்டா துரத்தும்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லட்டுமா?

பதில்: ஆரோக்கியமான வளர்ந்த பெட்டா 5, 6 நாள் பட்டினி தாங்கும். பழக்கமில்லாதவர் அன்பு மிகுதியில் அள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து, தீனி அழுகித் தண்ணீர் கெட்டுவிடும். அதைவிட நீண்ட பயணம் என்றால் மாத்திரை டப்பாவில் ஒரு வேளைக்கு மூன்று பெல்லட் என்று பிரித்து வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு அறை மட்டும் போடச் சொல்லுங்கள். மீதித் தீனியைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், ஃபில்டரில் மட்டும் அன்று கை வைக்க வேண்டாம்.