கை இறுக்கமான டிசம்பரில் குடும்பத்தோடு எப்படிக் கொண்டாடுவது?

கேள்வி: கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், சம்பளமும் குறைந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்குக் கிரெடிட் கார்டில் செய்த செலவே இன்னும் அடைபடவில்லை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. கணவரின் அண்ணன், தம்பி, தங்கை குடும்பங்களோடு சேர்ந்துதான் எப்போதும் கொண்டாடுவோம். பெரியவர்கள் மட்டும் 8 பேர், எல்லோரும் எல்லோருக்கும் பரிசு கொடுப்பது வழக்கம். பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது, சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிவும் வரக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்ன கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பணம் அதிகம் கரைவது அங்கேதான்.

8 பேர் ஆளுக்கு 7 பேருக்குக் கொடுத்தால் மொத்தம் 56 பரிசுகள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பெயர் எடுத்தால் 8. உங்கள் வீட்டுக் கணக்கில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் இதை யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் மற்றவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். உங்கள் கணவரே தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசட்டும். "அண்ணா, இந்த வருஷம் எங்களுக்குக் கொஞ்சம் கையைக் கடிக்குது. பெரியவங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாமா? பிள்ளைங்களுக்கு மட்டும் தனியா பார்த்துக்கலாம்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். மூத்தவர் சரி என்று சொன்ன பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே நெருக்கடியில் இருந்துகொண்டு வாய் திறக்காத இன்னொரு வீடும் அந்தக் குழுவில் இருக்கலாம்.

சீட்டில் பெயரோடு, தனக்கு உண்மையிலேயே தேவைப்படும் மூன்று சின்னப் பொருள்களையும் அவரவர் எழுதட்டும். கணவன் மனைவி ஒருவர் பெயரை ஒருவர் எடுத்தால் திரும்பப் போட்டுவிட்டு எடுக்கலாம். பரிசின் விலைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். குடும்பத்திலேயே கையில் குறைவாக இருப்பவருக்கு எது கட்டுபடியாகுமோ, அதுதான் வரம்பு. மலிவாகக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுப்பவர்கள்தான் நம்பினார்கள். வாங்கிக்கொண்டவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை.

அடுத்தது கார்டு. இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: இந்த டிசம்பரில் அந்தக் கார்டை வெளியே எடுக்கவே வேண்டாம். பழைய பாக்கி இருக்கும்போது, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஒரு வருடத்தில் அது 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்று வரும் தவணைத் திட்டங்களும் கடன்தான். வட்டி இல்லை என்றாலும் பதிவுக் கட்டணமும் தாமதக் கட்டணமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியானால் எவ்வளவு செலவழிக்கலாம்? போன டிசம்பர், ஜனவரி வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கொண்டாட்டத்துக்குப் போன ஒவ்வொரு வரியையும் பேனாவால் சுழியுங்கள். பரிசுகள் நினைவில் இருக்கும். பொட்டலம் கட்டும் தாள், பெட்ரோல், விருந்தாளிகளுக்கான மளிகை, பள்ளி விழா வசூல், கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கியவை எல்லாம் மறந்திருக்கும். அப்புறம் இன்னொரு விஷயம். பண்டிகைக்காகச் சில நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தை முன்கூட்டியே போட்டுவிடும். அடுத்த சம்பளம் ஜனவரி இறுதியில்தான் வரும் என்றால், நடுவில் 5 வாரங்களுக்கு மேல் இருக்கிறது. எனவே வாடகை, தவணை, கட்டணங்களை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதை 4 வாரத்துக்கு அல்ல, அந்த முழு இடைவெளிக்கும் பிரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நிற்பதுதான் பண்டிகைப் பணம். அதை ரொக்கமாக எடுத்து ஒரு உறையில் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 11 வயது மகளுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பாகப் பேசினால் அவள் பயப்படுவாள். "அப்பாவுக்கு இப்போ வேலை கொஞ்சம் கம்மி. சாப்பாடு, வீடு, ஸ்கூல் எதுக்கும் குறை வராது. கிறிஸ்துமஸ் மட்டும் சின்னதா பண்ணப் போறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். சொன்ன கையோடு ஒரு பொறுப்பையும் கொடுங்கள். உறையிலிருந்து ஒரு சிறு தொகையைக் கொடுத்து, ஒரு சாயங்காலத்தை அவளே திட்டமிடட்டும். என்ன விளையாட்டு, என்ன பலகாரம், எந்தப் படம் என்பதெல்லாம் அவள் முடிவு. தம்பியை வேலை வாங்கும் உரிமையும் அவளுக்கே.

6 வயதுக்காரனிடம் கணக்குப் பேச வேண்டியதில்லை. பரிசுகளைக் குறைக்கலாம், அதில் நஷ்டம் இல்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்த அறையைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், விதவிதமாக விளையாடினார்கள். அவர்கள் உங்கள் மகனைவிடச் சின்னக் குழந்தைகள்தான், இருந்தாலும் வீடுகளில் நாம் பார்ப்பதும் இதுதான். கிறிஸ்துமஸ் தாத்தா கொண்டுவந்ததாகச் சொல்லும் பரிசு சின்னதாக இருக்கட்டும், பெரியதை அம்மா அப்பா பெயரில் கொடுங்கள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் தாத்தா தந்த பெரிய பரிசைப் பற்றி உங்கள் மகன் பள்ளியில் சொல்லும்போது, தான் என்ன தப்புச் செய்தோம் என்று அது கிடைக்காத இன்னொரு பையன் யோசிப்பான்.

பழைய பொம்மை வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் பேட்டரி வைக்கும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பொத்தான் போன்ற வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். உங்கள் மகனுக்கு விவரம் தெரிந்தாலும், பண்டிகைக்கு வரும் கைக்குழந்தைகளுக்குத் தெரியாது. மூடி தளர்வாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. யார் வீட்டில் கூடுகிறீர்களோ அவர்கள் முக்கிய உணவைச் செய்யட்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பதார்த்தம். யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று முன்பே எழுதிப் போட்டுவிட்டால் மூன்று வீட்டிலிருந்து ஒரே இனிப்பு வந்து நிற்காது.

ஒன்றுகூடும் தேதியையும் யோசித்துப் பாருங்கள். மேற்கத்தியத் திருச்சபை மரபில் டிசம்பர் 25இல் தொடங்கும் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6ஆம் தேதி திருக்காட்சிப் பெருவிழா வரை நீள்கிறது. 25ஆம் தேதியை நீங்கள் நால்வர் மட்டும் வீட்டில் கொண்டாடிவிட்டு, பெரிய சந்திப்பைப் புத்தாண்டுக்கு அடுத்த வார இறுதிக்குத் தள்ளினால் பயணச் செலவு குறைய வாய்ப்பு உண்டு. பல பொருள்களின் விலையும் அதற்குள் இறங்கியிருக்கும். அண்ணனிடம் சீட்டு விஷயம் பேசும்போதே இதையும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.