பிராம்ப்டனில் நர்ஸ் வேலை: முதலில் பதிவு, அப்புறம் விண்ணப்பம்

சகோதரி, கோவையில் ஐசியூ அனுபவம் இருந்தும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிராம்ப்டனில் எந்த மருத்துவமனையும் பதில் போடவில்லை, ஏஜென்ட் ஒருவர் பணம் கட்டினால் வேலை என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் வேலை வாங்கித்தரக் கட்டணம் வாங்குவது ஒன்டாரியோவில் சட்டவிரோதம்.

பதில் வராததற்குக் காரணம் உங்கள் அனுபவம் அல்ல, பதிவு இல்லாததுதான். நர்ஸ்களுக்கு உரிமம் தரும் அமைப்பான காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோவில் பதிவு செய்யாதவரை நர்ஸாக எடுக்கவே முடியாது. அதனால் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள், கூடவே பதிவுக்குத் தேவையான என்கிளெக்ஸ் ஆர்என் என்ற நர்ஸ் தகுதித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். கடந்த 3 ஆண்டுகளுக்குள் நர்ஸாக வேலை பார்த்ததற்கான சான்றும் கேட்பார்கள், இடைவெளி விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், 2022இல் தொடங்கிய மேற்பார்வைப் பயிற்சித் திட்டத்தில் மருத்துவமனையிலேயே குறைந்தது 140 மணி நேரம் வேலை பார்த்து அதை ஈடுகட்டலாம், ஆங்கிலத் தகுதியையும் அதிலேயே காட்டலாம், அங்குள்ள மேலாளருக்கும் உங்கள் திறமை தெரிந்துவிடும்.

அப்புறம், உங்கள் ஒர்க் பெர்மிட்டில் மருத்துவத் துறையில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் குடிவரவு மருத்துவப் பரிசோதனை முடித்து அதை நீக்கக் கேளுங்கள். டொரோன்டோவில் கேர் சென்டர் என்ற உதவி மையம் வெளிநாட்டில் படித்த நர்ஸ்களுக்காகவே இருக்கிறது, அவர்களிடமும் பேசுங்கள்.