பவளம் சுருங்குகிறது, எந்த டானிக் ஊற்றலாம்?

கேள்வி: கோத்தகிரி அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு தோல் பவளமும் இரண்டு கோமாளி மீன்களும் உள்ளன. மூன்று வாரமாகப் பவளம் விரியவில்லை, ஓரம் கருக்கிறது. மீன்கள் நன்றாகத் தின்கின்றன. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன். குளிர் என்பதால் செம்பு பாய்லர் வெந்நீரைக் கலந்து பதமாக்கித்தான் ஊற்றுகிறேன். கடைக்காரர் தந்த அயோடின், ஸ்ட்ரான்ஷியம் பாட்டில்களால் பலனில்லை. வேறு எதை ஊற்றலாம்? இது செத்தால் தூத்துக்குடியிலிருந்து கிளைப் பவளம் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். இருக்கும் பாட்டில்களையும் மூடி வையுங்கள்.

தோல் பவளம் அவ்வப்போது ஒரு வாரம், பத்து நாள் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் பளபளத்து, ஏடு உரித்துவிட்டு மறுபடி விரியும். அது இயல்பு. மூன்று வாரமும் கருத்த ஓரமும் அந்தக் கணக்கில் வராது. அழுகிய பகுதியை, ஒட்டியுள்ள நல்ல சதையில் கொஞ்சத்தோடு சேர்த்துக் கூரான பிளேடால் வெட்டி எடுங்கள். பிறகு நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். கையுறை அவசியம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, தொட்டிக்குள் ஏற்கெனவே என்ன போகிறது என்பதைத்தான். போகிற போக்கில் எழுதிய அந்தப் பாய்லர்தான் என் முதல் சந்தேகம். நம் மலைத் தண்ணீர் மென்மையானது, சற்றே புளிப்புத்தன்மை கொண்டது. சூடானதும் செம்பை நன்றாகக் கரைக்கும். பாய்லர் குழாய்க்குக் கீழே சிமெண்ட்டில் பச்சைக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பையே மருந்தாகக் கொடுப்பார்கள். மீன் தாங்கும் அந்த அளவில் பவளம் செத்துவிடும். உங்கள் மீன்கள் தின்கின்றன, பவளம் சுருங்குகிறது என்பது இதோடு பொருந்துகிறது.

இன்னொன்று. தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்து அடிப்பீர்கள்தானே? மருந்து கலக்கிய கையோ வாளியோ தொட்டிப் பக்கம் வரவே கூடாது.

வீட்டு டெஸ்ட் கிட்டில் செம்பு தெரியவில்லை என்றாலும் நம்பிவிடாதீர்கள். பவளத்தைக் கொல்லும் நுண்ணிய அளவை அது பிடிக்காது. புது ஆக்டிவேட்டட் கார்பனும் செம்பை உறிஞ்சும் ரெசினும் போடுங்கள். ஆர்.ஓ. நீரில் உப்பு கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் கண்ணாடி ஹீட்டரால் சூடாக்கி, ஐந்தில் ஒரு பங்கு வீதம் மாற்றுங்கள். தொட்டிப் பாறைகள் செம்பைப் பிடித்துவைத்து மெல்ல விடும் என்பதால் சில மாதமாவது பொறுமை வேண்டும்.

அப்புறம் அந்தப் பாட்டில்கள். மண் பரிசோதனை இல்லாமல், இலை மஞ்சளானதும் டானிக் நீட்டும் உரக்கடைக்காரர்களை உங்களுக்கே தெரியும். இவரும் அந்த ரகம்தான். நீங்கள் வாங்கும் உப்புக்கலவையிலேயே அயோடினும் ஸ்ட்ரான்ஷியமும் இருக்கின்றன, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது அவை புதிதாகச் சேர்ந்துவிடும். கல் எலும்புக்கூடு கட்டாத ஒற்றைத் தோல் பவளத்துக்கு ஸ்ட்ரான்ஷியம் எதற்கு? அயோடின் கூடினால் அதுவே விஷம். அளக்க முடியாததைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். உப்படர்த்தி ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), இரண்டும் ஆடாமல் இருந்தால் போதும். பாட்டிலுக்குக் கொடுத்த பணத்தில் உப்படர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை வெப்பமானியையும் பாருங்கள். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஹீட்டர் போதவில்லை. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் 150 வாட் இரண்டாகப் போடுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்.

கிளைப் பவளத்துக்குச் சரி சொல்லிவிடாதீர்கள். அது கல் எலும்புக்கூடு கட்டும் கல் பவள வகை. கல் பவளம் அத்தனையும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் உடைத்ததை வாங்கினால் வழக்கு உங்கள் மீதும் வரும். அதை விற்கத் துணிந்தவரிடம் உப்புப் பாக்கெட்கூட வாங்காதீர்கள்.