மாவுக் கையும் வாட்ஸ்அப்பும்: சிறுதொழில் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விற்கிறேன். தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப் ஓயாது, மாவுக் கையோடு பதில் போட வேண்டியிருக்கிறது. இணையம் வழியாக வேலை செய்யும் மெய்நிகர் உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் மகள். முகம் தெரியாத ஆளை நம்பி எப்படி ஒப்படைப்பது?
- ஈசூன் வாசகி

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நடத்தும் சிறுதொழிலுக்கு வெளியாளை வீட்டுக்கு வரவழைத்து வேலை வாங்கக்கூடாது என்பது விதி. அதனால் அடுப்படியில் கூடுதலாக ஒரு கை வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர்கள்தான், ஆனால் பதில் போடுகிற வேலையை எங்கோ உட்கார்ந்திருப்பவர் பார்க்கலாம்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் போன வாரம் வந்த செய்திகளை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். விலை என்ன, வெள்ளிக்கிழமை கிடைக்குமா, எங்கே வந்து வாங்குவது, பணம் அனுப்பிட்டேன் வந்துச்சா - பெரும்பாலும் இவைதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். இவற்றுக்கு ஒருமுறை பதில் எழுதி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ‘குவிக் ரிப்ளை’யாக, அதாவது தட்டினால் வந்து விழும் தயார்ப் பதிலாக, போட்டுவிட்டால் பாதிச் சுமை அப்போதே இறங்கிவிடும். உங்களால் தாளில் எழுதிக் கொடுக்க முடிகிற வேலையைத்தான் உதவியாளரிடம் கொடுக்க முடியும், மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் கணக்கை யாராலும் செய்ய முடியாது.

அப்புறம் ஆர்டர் பட்டியல். ‘ஆண்ட்டி, முறுக்கு ரெண்டு டப்பா, ஒண்ணுல காரம் கம்மி, சனிக்கிழமை அப்பா வந்து எடுத்துப்பாரு’ என்று ஒரு செய்தி வந்தால், அது கூகல் ஷீட்டில் (இருவரும் இணையத்தில் பார்க்கும் அட்டவணை) ஒரே வரியாக ஏற வேண்டும்: பெயர், பொருள், எண்ணிக்கை, காரம் கம்மி, சனி, நேரில், பணம் வரவில்லை. மறுநாள் அதே ஆள் ‘ஞாயிறுக்கு மாத்திடுங்க’ என்பார். உதவியாளர் புதிதாக ஒரு வரி சேர்க்காமல் பழைய வரியையே திருத்த வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு டப்பா நான்காகி, மிச்சத்தை நீங்களேதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். தொழிலுக்குத் தனி எண் வாங்கிவிடுங்கள். ஒரு வாட்ஸ்அப் கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதால் கைப்பேசியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், வேண்டாத நேரத்தில் உங்கள் கைப்பேசியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் இணைந்திருக்கும்வரை அந்த எண்ணில் வரும் எல்லா உரையாடலும் அவருக்குத் தெரியும், அதில் உங்கள் குடும்பக் குழு எதற்கு? கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் விஷயத்திலும் கவனம் தேவை. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி உதவியாளர் ‘பணம் வந்துவிட்டது’ என்று சொல்லவே கூடாது. வங்கிக் கணக்கை நீங்கள் பார்த்து, ஷீட்டில் நீங்களே டிக் போடுங்கள்.

வாங்குபவர்களின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அவர் கைக்குப் போகும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றுக்குப் பொறுப்பு உங்களுடையது, வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டதாகச் சொல்லித் தப்ப முடியாது. சீசன் முடிந்ததும் ஷீட்டைப் பார்க்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஆளைத் தமிழ்நாட்டில் பிடித்தால் நேரக்கணக்கையும் பாருங்கள். நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். இங்கே காலை எட்டு மணிக்கு வரும் செய்திக்கு அங்கே விடிந்தும் விடியாத ஐந்தரை மணியில் யார் பதில் போடுவார்? ராத்திரி பத்து மணித் தொல்லைக்கு மட்டும் இது நல்ல வசதி, அவர்களுக்கு அப்போது ஏழரைதான். தீபாவளி வாரத்தில் புது ஆளைச் சேர்க்காதீர்கள், இரண்டு மாதம் முன்னாலேயே வாரத்துக்குச் சில மணி நேரம், சம்பளத்தோடு, வேலை கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏர்கான் சர்வீஸ் தொழில், என்னோடு இரண்டு ஊழியர்கள். ஏணியில் நிற்கும்போதுதான் போன் அடிக்கும். பில் அனுப்பவும் பாக்கி கேட்கவும் நேரமில்லை. தஞ்சாவூரில் அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், எல்லாவற்றையும் அவனிடமே கொடுத்துவிடலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். கொட்டேஷன் அடிப்பது, வேலை முடிந்த அன்றே பில் அனுப்புவது, பாக்கி வைத்தவருக்கு நினைவூட்டுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டியவர்களின் தேதிகளைக் காலண்டரில் போடுவது, இவ்வளவும் தாராளமாகச் செய்யட்டும். பாக்கி கேட்பதில் உங்களைவிட அவன் கெட்டிக்காரனாகக்கூட இருப்பான், முகதாட்சண்யம் இல்லை பாருங்கள்.

ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து இங்கே கட்டாயம், அதையும் அவன் தயாரித்து வைக்கலாம். மசே நிதி (மத்திய சேமநிதி) கட்டவேண்டிய ஊழியர் இருந்தால், அடுத்த மாதம் 14ஆம் தேதி தாண்டாமல் நினைவூட்டுவதும் அவன் வேலை. கட்டுவதற்கான பொத்தானை அழுத்துவது நீங்கள். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) இரண்டையும் அக்கா மகனுக்கும் சொல்லாதீர்கள். கோபித்துக்கொண்டால் அக்காவிடம் நான் பேசுகிறேன்.

இன்னொன்று. அவன் தஞ்சாவூரில் இருந்தபடி வேலை செய்யும்வரை சரி. ‘சும்மா ஒரு மாதம் வந்து பார்க்கட்டும்’ என்று வருகை அனுமதியில் அழைத்து வந்து உங்கள் அலுவலகத்தில் உட்கார வைத்தால் கதை வேறு, அதற்கு வேலை அனுமதி வேண்டும்.

கேள்வி: ஆளே எதற்கு, சாட்ஜிபிடி போதாதா?
- தேக்கா வாசகர்

பதில்: ஆங்கிலத்தில் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுத, நீளமான புகாரைச் சுருக்கிப் படிக்கப் போதும். ‘முறுக்கில் கடலை இருக்கா, பிள்ளைக்கு ஒவ்வாது’ என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், உதவியாளரும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.