வெடிச்சு கத்துறதை எப்படி அளக்கிறது? கேள்வி பதில்

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளைங்க உணர்ச்சி தாங்காம கத்துறது, அடிக்கிறது, பொருளை எறியிறது, இதை எப்படி கணக்கு எடுக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: மேடம், பையனுக்கு 11 வயசு, ஆட்டிசம். டாக்டர் "எத்தனை தடவை வருது"ன்னு கேட்டா எனக்கு கடைசியா நடந்த பெருசு மட்டும்தான் ஞாபகம் வருது. என்ன எழுதி வைக்கணும்?

பதில்: எல்லாருக்கும் அப்படித்தாம்மா, மோசமானதுதான் மனசுல நிக்கும், அதனாலதான் எழுதணும்னு சொல்றது. மொதல்ல எதை "ஒரு தடவை"ன்னு எண்ணப்போறீங்கன்னு வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணிடுங்க. கத்துறது, எறியிறது, அடிக்கிறது இதுல எது ஆரம்பிச்சாலும் தொடக்கம், தொடர்ந்து அஞ்சு நிமிஷம் அமைதியா இருந்தா முடிவு, இப்படி ஏதாவது ஒண்ணு. இது இல்லன்னா நடுவுல மூச்சு வாங்கிட்டு மறுபடி கத்துனதை நீங்க ஒண்ணுன்னு எழுதுவீங்க, அவங்க அப்பா மூணுன்னு எழுதுவார். ஒரு பதிவு இப்படி இருந்தா போதும்:

"4.10, டேப்லெட் சார்ஜ் இல்லாம அணைஞ்சுது. கத்தினான், கையைக் கடிச்சான், தோல் கிழியல. 4.22க்கு நின்னுச்சு. 4.50க்குத்தான் கூப்பிட்டா திரும்பிப் பாத்தான். நடுவுல என் ஃபோனைக் குடுத்தேன்."

"கோவமா இருந்தான்"னு எழுதாதீங்க, அது நம்ம கணிப்பு, கண்ணு பாத்ததை எழுதுங்க. அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம். கத்துனதும் ஃபோன் கிடைக்குதுன்னா அதுவே அடுத்த தடவைக்கு ஒரு காரணமா மாறலாம். உங்களை குத்தம் சொல்றதுக்காக இல்லம்மா, எங்க கை வைக்கணும்னு அதுலதான் தெரியும்.

கேள்வி: தெரபி ஆரம்பிச்சு ரெண்டு மாசம், எண்ணிக்கை குறையவே இல்ல. நிறுத்திடலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க. வாரத்துக்கு ஆறு தடவை அப்படியே இருக்கலாம், ஆனா ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷத்துல இருந்து பத்து நிமிஷமாயிருந்தா, கடிக்கிறது நின்னு கத்துறது மட்டும் மிச்சம்னா அது பெரிய முன்னேற்றம். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம், நாலையும் பாருங்க. நாலும் அசையலன்னா தெரபிஸ்ட்கிட்ட நேரா கேளுங்க.

கேள்வி: நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். எந்த ஸ்கேல் நல்லது?

பதில்: ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கறது 1985ல வந்த அபெரன்ட் பிஹேவியர் செக்லிஸ்ட், பிள்ளையைப் பாத்துக்கிறவங்க நிரப்புற கேள்வித்தாள், 58 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3. அதுல எரிச்சல் பகுதி 15 கேள்வி. ஆட்டிசம் பிள்ளைகளுக்கு எரிச்சலைக் குறைக்கிற ரிஸ்பெரிடோன் மாத்திரை குடுத்து 2002ல வெளியான பெரிய ஆய்வுல இந்த எரிச்சல் பகுதி மார்க்கைத்தான் முக்கிய அளவா வச்சாங்க. ஆனா கத்துறது, அழறது, தன்னையே காயப்படுத்திக்கிறது எல்லாம் ஒரே மார்க்குல கலந்துடும், மார்க் குறைஞ்சா எது குறைஞ்சுதுன்னு தெரியாது. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஆராய்ச்சியாளர் மசெஃப்ஸ்கி குழு உருவாக்கின எமோஷன் டிஸ்ரெகுலேஷன் இன்வென்டரி, அதாவது உணர்ச்சி கட்டுக்கு மீறுறதை அளக்குற கேள்வித்தாள், போன 7 நாளை மட்டும் கேக்கும், பேச்சு வராத பிள்ளைங்களையும் மனசுல வச்சு செஞ்சது, வெடிக்கிறதை அளக்குற பகுதியோட சின்ன வடிவத்துல 7 கேள்விதான், அதனால மாற்றத்தை தொடர்ந்து பாக்க எனக்கு இதுதான் பிடிக்கும். எதை எடுத்தாலும் ஒரே ஆள் நிரப்பணும், இந்த மாசம் அம்மா அடுத்த மாசம் டீச்சர்னு மாத்துனா ஒப்பிட முடியாது.

கேள்வி: ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லங்கறாங்க, வீட்ல தினமும் நடக்குது. யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். பகல் முழுக்க அடக்கி வச்சு வீட்ல வெடிக்கிற பிள்ளைங்க நிறைய. ரெண்டு கணக்கையும் தனித்தனியா வைங்க, கூட்டி சராசரி போடாதீங்க.

கேள்வி: அக்கா, என் தங்கச்சிக்கு 19 வயசு, பேச்சு கிடையாது. ரெண்டு வாரமா திடீர்னு தலையை சுவத்துல மோதுறா, ராத்திரி தூக்கமில்ல. எந்த சார்ட் போடட்டும்?

பதில்: தம்பி, சார்ட் அப்புறம், உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. பேச முடியாதவங்க திடீர்னு மாறுனா மொதல்ல உடம்பு வலியைத்தான் சந்தேகப்படணும், பல்லு, காது, மலச்சிக்கல், அசிடிட்டி, மாதவிடாய் வலி. வாயைத் திறந்து பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, "இவங்க அப்படித்தான்"னு விட்டுடற இடமும் உண்டு, அது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். புது மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சீங்களான்னும் சொல்லுங்க, வலிப்புக்கு குடுக்குற லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலை கூட்டும், ஆனா டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும். மோதுன வேகத்துல வாந்தி, மயக்கம் இருந்தா நேரா எமர்ஜென்சி.

கேள்வி: பிள்ளை வெடிக்கப்போறதை ஸ்மார்ட்வாட்ச் முன்கூட்டியே சொல்லிடுமா?

பதில்: 2019ல வந்த ஒரு ஆய்வுல ஆட்டிசம் உள்ள 20 பேர் கையில இதயத்துடிப்பு மாதிரி உடம்பு மாற்றங்களை அளக்குற சென்சார் கட்டி, முந்தைய மூணு நிமிஷ தரவை வச்சு, அடிக்கப்போறதை ஒரு நிமிஷம் முன்னாடி ஓரளவு கணிச்சாங்க. அது ஆராய்ச்சிக் கருவி, கடை வாட்ச் இல்ல, ஓடியாடுனாலும் இதயத்துடிப்பு ஏறத்தானே செய்யும். இப்போதைக்கு இதுக்கு காசு போடாதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு, டவுன் சின்ட்ரோம், நல்லா பேசுவா. அவகிட்டயே கேக்கலாமா?

பதில்: கண்டிப்பா கேளுங்க, அடங்கின உடனே வேண்டாம், நல்லா தெளிஞ்சப்புறம். முகம் வரைஞ்ச அஞ்சு அட்டை வச்சு "அப்போ எது மாதிரி இருந்துச்சு"ன்னு காட்டச் சொல்லுங்க. அவ சொல்றதையும் நீங்க பாத்ததையும் பக்கத்து பக்கத்துல எழுதுங்க, ஒத்துப்போகலன்னா அவளுது தப்புன்னு திருத்தாதீங்க. வீடியோ எடுக்கறதா இருந்தா அவ சம்மதிக்கணும், டாக்டருக்கு காட்டிட்டு அழிச்சிடுங்க, குடும்ப குரூப்ல போடவே கூடாது.