கரும்பு செவ்வழுகலை மேப்ல போடணுமா? நோயில்லாத கழனியையும் சேத்து குறிங்க

கேள்வி (வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கத்துலருந்து ஒரு வாசகர்): சார், எங்க ஊர்ல கரும்பு போடறவங்க எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கோம். செவ்வழுகல் (கரும்பு உள்ள செவந்து அழுகற நோய்) மாதிரி தெரியுதுன்னு அடிக்கடி போட்டோ வருது, எந்த கழனின்னே புரியல. செலவில்லாம மேப்ல போட்டு பாக்க முடியுமா? சாட்டிலைட்லயே நோய் தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே, நெஜமா?

பதில்: தம்பி, ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன். சாட்டிலைட்ல நோய் தெரியாது, பச்சை கொறையறதுதான் தெரியும். இலவசமா கெடைக்கிற சென்டினல்-2 சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட், அதுக்குள்ள நாலு தூர் காஞ்சா எப்படி தெரியும், அப்படியே கழனி மஞ்சளா தெரிஞ்சாலும் அது செவ்வழுகலா தண்ணி பத்தலையா இரும்புச்சத்து கொறவான்னு படம் சொல்லாது. ஐப்பசி கார்த்திகைல மேகம் வேற மறைச்சிடும். எந்த பக்கம் போய் பாக்கணும்னு காட்டறதுக்கு மட்டும் அத வெச்சுக்கங்க.

நோய உறுதி பண்றது கழனியிலதான். மேலருந்து மூணாவது நாலாவது இலை மஞ்சளாகி காயும், கரும்ப நீளவாக்குல பொளந்தா உள்ள செவப்பா இருக்கும், நடுநடுவுல குறுக்க வெள்ளத் திட்டு, புளிச்ச சாராய வாடை. சந்தேகம்னா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கொண்டு போய் காட்டுங்க.

இப்ப மேப்பு. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அதுல இருக்கற எடத் தகவல் அழிஞ்சிடும், அதான் எந்த கழனின்னு தெரியல. போன்ல தகவல் பதியறதுக்கான கோபோ டூல்பாக்ஸ்ல தமிழ்லயே ஒரு ஃபார்ம் பண்ணுங்க, சின்ன குழுவுக்கு இலவச கணக்கே போதும், கோபோ கலெக்ட் ஆப்புல சிக்னல் இல்லாத எடத்துலயும் பதியலாம். எடம், போட்டோ, ரகம், நட்ட கரும்பா மறுதாம்பா (வெட்டின தூர்லருந்து மறுபடி துளிர்த்ததா), பொளந்து பாத்தாச்சா, இதோட ரெண்டு கேள்வி கட்டாயம் வேணும்: கரணை (நடற கரும்புத் துண்டு) எங்கருந்து வந்துச்சு, எந்த வாய்க்கால் இல்ல கெணத்துத் தண்ணி. கழனி நடுவுல நின்னு ஜிபிஎஸ் துல்லியம் 5 மீட்டருக்குள்ள வந்தப்புறம் பதிங்க, வரப்புல நின்னா புள்ளி பக்கத்து கழனில விழும்.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. நோய் இல்லாத கழனியையும் "இல்லை"ன்னு பதிஞ்சே ஆகணும். நோய் இருக்கறத மட்டும் குறிச்சா, யாரு எங்க அதிகமா சுத்தி பாத்தாங்களோ அங்கதான் நோய் அதிகம்ன்ற மாதிரி மேப்பு காட்டும், அத நம்பி முடிவெடுக்க முடியாது. கழனிங்கள முன்னாடியே தேர்ந்தெடுத்து 15 நாளைக்கு ஒரு தடவ அதே கழனிங்களையே பாருங்க.

டேட்டாவ சிஎஸ்வின்ற அட்டவணை ஃபைலா எறக்கி, மேப்பு போடற க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர்ல தெறங்க, இதுவும் இலவசம்தான். எக்ஸ்ல தீர்க்கரேகை 79, ஒய்ல அட்சரேகை 12.9 பக்கம் வரணும், மாத்தி குடுத்துட்டா உங்க கழனி நார்வேக்கு வடக்க பனித்தீவுல போய் நிக்கும்.

செவ்வழுகல் கரணை வழியாவும் வரும், பாசனத் தண்ணி வழியாவும் பரவும், மேப்புல இத பிரிச்சு பாக்கலாம். கரணை வந்த எடத்த வெச்சு புள்ளிக்கு கலர் குடுங்க. அங்கங்க செதறி கெடக்கற நோய்ப் புள்ளி எல்லாம் ஒரே கலரா இருந்து, அந்த கலர்ல "இல்லை" புள்ளி கொறச்சலா இருந்தா கரணை மேலதான் சந்தேகம், அந்த கரும்புலருந்து இனிமே வெதைக்கரணை எடுக்காதீங்க. கலர் வேற வேறயா இருந்தும் ஒரே வாய்க்கால் ஓரமா மேலருந்து கீழ எறங்கிட்டே போனா தண்ணி, நோய் புடிச்ச தூர வேரோட புடுங்கி எரிச்சிட்டு அந்த கழனித் தண்ணி கீழ எறங்காம மடைய அடைங்க. நம்ம பக்கம் சின்ன வாய்க்கால் பல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யாரு வேணாலும் பாக்கற, திருத்தற பொது மேப்பு) இருக்காது, நீங்களே வரைஞ்சு சேக்கலாம், எல்லாருக்கும் ஒதவும். ஆனா நோய்ப் புள்ளிய அங்க ஏத்தாதீங்க.

குரூப்புல போடற மேப்ல பேரு, சர்வே நம்பர் எதுவும் வேணாம், கரும்பு வாங்க வர்றவங்க கையில கெடச்சா வெலைய கொறைச்சு கேப்பாங்க. ஊர் அளவுல மொத்தமா காட்டுங்க, புள்ளி தெரியற மேப்பு பதியறவங்ககிட்ட மட்டும் இருக்கட்டும், ஒவ்வொரு கழனிக்காரர்கிட்டயும் சம்மதம் கேட்டுட்டே பதிங்க.