ஆனர்ஸ் என்கிற ஒரு வருடம்

வணக்கம் அக்கா,

எனக்குக் குடியாத்தம் பக்கம். வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். இதுவரை 81 சதவீதம், அரியர் எதுவும் இல்லை. அப்பா கைலித் தறி ஓட்டுகிறார். மேலே படிக்க வேண்டும், முடிந்தால் பிஎச்.டி. வரை போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. போன மாதம், வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவைக்கும் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். ஆஸ்திரேலியாவில் ஆனர்ஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது, ஒரே வருடம், எம்.எஸ்சி.க்குச் சமம், முடித்தால் நேராக பிஎச்.டி. போகலாம், சீக்கிரம் பணம் கட்டினால் சீட் உறுதி என்றார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். மாமா, பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடு என்கிறார். சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனர்ஸ் என்றால் உண்மையில் என்ன அக்கா? நான் போகலாமா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

பத்திரம் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும் என்று முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆசையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. தறி ஓட்டும் வீட்டிலிருந்து ஒரு பெண் பிஎச்.டி. வரை போக வேண்டும் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் கன்சல்டன்சியில் உங்களிடம் சொன்னதில் சரியும் தவறும் கலந்து கிடக்கிறது. கடன் வாங்குவதற்கு முன்னால் அதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆனர்ஸ் என்ற சொல் நாட்டுக்கு நாடு வேறு வேறு படிப்பைக் குறிக்கிறது, குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் மூன்று வருட இளங்கலைப் பட்டத்துக்கே பெரும்பாலும் ஆனர்ஸ் என்றுதான் பெயர். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்கு வருடப் பாடத்திட்டக் கட்டமைப்பில் நான்காவது வருடமும் படித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் அந்த வருடத்தை ஆராய்ச்சியாகவே செய்யலாம். உங்களுடையது மூன்று வருட பி.எஸ்சி., அதனால் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு தனியாக ஒரு வருடம் படிப்பதைத்தான் ஆனர்ஸ் என்கிறார்கள். பாதி வகுப்பு, பாதி ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் அந்த வருடத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதில் 30 கிரெடிட்டாவது ஆராய்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நம் ஊருக்கும் இந்தச் சொல் புதிதில்லை. பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர் 1930ல் சென்னை மாநிலக் கல்லூரியில் முடித்தது இயற்பியல் ஆனர்ஸ்தான். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். எதற்காக அவரை இழுக்கிறேன் என்று கீழே புரியும்.

சரி, உங்களிடம் சொன்னதற்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஆனர்ஸில் முதல் வகுப்பு வாங்கியவர்கள், பெரும்பாலும் 80 மதிப்பெண், சில பல்கலைக்கழகங்களில் 85, எம்.எஸ்சி. படிக்காமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. எம்.எஸ்சி.க்குச் சமம் என்பது தவறு. அவர்களுடைய தகுதி அடுக்கிலேயே ஆனர்ஸ் 8ஆம் நிலை, மாஸ்டர்ஸ் 9ஆம் நிலை. சீக்கிரம் பணம் கட்டினால் சீட் உறுதி என்பதை நம்பவே நம்பாதீர்கள், ஏனென்றால் ஆனர்ஸில் சேர மதிப்பெண் வேண்டும், பல இடங்களில் உங்களை மாணவியாக ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் எதையும் கன்சல்டன்சிக்காரரால் பணத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்கு வாங்கித் தர முடியாது. அப்புறம் செலவு. படிப்புக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் விதி வந்தது, நம் பணத்தில் பதினாறு லட்சத்துக்கு மேல். விசா விண்ணப்பக் கட்டணம் 710 டாலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600 ஆனது, அடுத்த வருடமே 2,000. விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் பொதுவாகத் திரும்பாது. இங்கே கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானம் கேட்கும். அப்பா பத்திரத்தைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

ஆனால் இதே ஆஸ்திரேலியாவில் பிஎச்.டி. சேர்கிறவர்களுக்குக் கட்டணத்தையும் தள்ளி, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருகிற அரசுத் திட்டம் இருக்கிறது, அதற்கு வெளிநாட்டு மாணவர்களும் போட்டியிடலாம். அப்படியானால் வீட்டை அடமானம் வைத்து ஒரு வருடம் முன்னால் போவதைவிட, இங்கே எம்.எஸ்சி.யை நன்றாகப் படித்துவிட்டு, அவர்கள் பணத்தில் பிஎச்.டி.க்குப் போவது உங்களுக்கும் அப்பாவுக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த ஆனர்ஸ் வருடத்தில் நான் மதிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் இங்கேயே செய்யலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த வருடம் ஒரு கேள்வியை நீங்களே எடுக்கிறீர்கள். அதைப் பற்றி இதுவரை யார் என்ன செய்தார்கள் என்று படிக்கிறீர்கள். புரோகிராம் எழுதிச் சோதிக்கிறீர்கள், பாதி நேரம் தப்பாக வரும், ஏன் தப்பானது என்று வாரா வாரம் கைடு, அதாவது வழிகாட்டும் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கடைசியில் ஐம்பது அறுபது பக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். இது இல்லாமல் பிஎச்.டி. கிடையாது.

நான் எம்.எஸ்சி. படித்தபோது எனக்கு இது கிடைக்கவில்லை. கடைசி செமஸ்டர் முழுக்க புராஜெக்ட். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் ஒரு புராஜெக்ட் சென்டருக்குப் போய்ப் பணம் கட்டினோம். நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு 1,500 ரூபாய். தலைப்பு அவர்களுடையது, கோடிங் அவர்களுடையது, ரிப்போர்ட்டைக்கூட அவர்களே அச்சடித்து பைண்டு போட்டுக் கொடுத்தார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டே கேள்வி கேட்டார். 88 மதிப்பெண் வந்தது. வீட்டில் ஸ்வீட் வாங்கினார்கள், என்னால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அந்த 88 உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபோது என் முதல் அத்தியாயத்தை கைடு ஏழு தடவை திருப்பிக் கொடுத்தார். ஏழாவது தடவைதான் எனக்கு எழுதத் தெரியவில்லை என்பது எனக்கே புரிந்தது. இருபத்தொரு வயதில் நடந்திருக்க வேண்டியது. உங்களுக்கு அந்தத் தாமதம் வேண்டாம். இந்தக் கடைசி செமஸ்டரில் உங்கள் வகுப்பு மொத்தமும் சென்டருக்குப் போனாலும் நீங்கள் போகாதீர்கள்.

என்ன கேள்வி எடுப்பது என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன், இன்றைக்கு ராத்திரியே செய்து பார்க்கலாம். பைத்தானில் 'வேலூர்' என்று தமிழில் எழுதி அதன் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து, அது ஆறு என்று சொல்லும். வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப் 8ல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18 பைட். அதே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு பைட்டில் முடிந்துவிடும். அடுத்து 'கொணவட்டம்' எழுதுங்கள். முதல் எழுத்தான கொ, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம். ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒரு பெயர்ப் பட்டியலில் பாதிப் பேருக்கு ஒரு விதமாகவும் மீதிப் பேருக்கு இன்னொரு விதமாகவும் ஏறியிருந்தால், தேடும்போது கொணவட்டத்துக்காரர்களில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இதற்குத் தீர்வு யூனிகோட் விதிகளிலேயே இருக்கிறது, தேடிப் படியுங்கள். அதையும் தாண்டினால் நிஜமான ஆராய்ச்சிக் கேள்வி வரும். பேரணாம்பட்டு என்றும் பேர்ணாம்பட்டு என்றும் ஒரே ஊரை இரண்டு விதமாக எழுதுகிறோம், ஆட்களின் பெயர்களில் இது இன்னும் மோசம். இவை ஒன்றுதான் என்று ஒரு புரோகிராம் எப்படிக் கண்டுபிடிக்கும், எத்தனை தடவை தப்பு செய்யும், எந்த மாதிரிப் பெயரில் தப்பு செய்யும்? உங்கள் தெருவில் ஐந்நூறு பெயர் சேகரித்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். சந்திரசேகரைச் சொன்னது இதற்காகத்தான். அவர் பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இனி எங்கே சேர்வது. என் முதல் யோசனை சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம், எல்லாரும் சி.எம்.ஐ. என்பார்கள். அங்கே இரண்டு வருட எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது, அவர்களே தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். கேள்விகள் கடினம்தான், ஆனால் மனப்பாடத்தைக் கேட்கவே மாட்டார்கள். அங்குள்ள பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய அல்காரிதம் வகுப்புகள் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, இன்றைக்கே ஆரம்பியுங்கள். அடுத்தது மத்தியப் பல்கலைக்கழகங்கள், புதுச்சேரி போன்றவை, க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. என்.ஐ.டி. திருச்சியில் எம்.சி.ஏ. படிக்க நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு. அது நல்ல படிப்புதான், ஆனால் உங்கள் மனது ஆராய்ச்சியில் இருந்தால் எனக்கு இரண்டாம் பட்சம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளே கிடையாது, அதற்கென்று யாராவது கோச்சிங் விற்க வந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், ஆனால் எம்.டெக். சேர மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் பொதுவாகப் போதாது, எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எழுதுங்கள். அந்த வழியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவை எதுவும் இந்த வருடம் கிடைக்காவிட்டால் வேலூரிலோ மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்துகொள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. சேருவதற்கு முன்னால் மட்டும் அங்கே இருக்கும் ஆசிரியர் ஒருவரைப் பார்த்து, என் தீசிஸை வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பீர்களா என்று கேளுங்கள். ஆம் என்கிற ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே சேருங்கள், கட்டடத்தைப் பார்க்க வேண்டாம்.

எந்தத் தேர்வானாலும் கணக்குதான் உங்களை நிறுத்தும். பி.எஸ்சி.யில் டிஸ்கிரீட் மேத்ஸை ஒரு செமஸ்டரில் ஓட்டிவிடுகிறார்கள். எண்ணுதல், கிராஃப், நிகழ்தகவு, அப்புறம் ஒரு கூற்றை நிரூபிப்பது எப்படி என்பது. தினமும் இரண்டு மணி நேரம், ஆறு மாதம், பேப்பரும் பென்சிலும் வைத்து. விடையைப் பார்த்துப் புரிந்துகொண்டதை எல்லாம் தெரிந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாமாவுக்கு என்ன சொல்வது? பி.எட். மட்டமான படிப்பு இல்லை, என் அம்மா பி.எட். முடித்து 31 வருடம் வகுப்பெடுத்தவர். ஆனால் அதை உங்களைத் தூரம் அனுப்பாமல் இருக்க ஒரு வழியாகச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சிறுசேரி தூரமில்லை. குடியாத்தத்தில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மாமாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அந்த வளாகத்தையும் விடுதியையும் காட்டுங்கள், அதற்கப்புறம் பேசட்டும்.

அந்த ஐந்நூறு பெயரைச் சேகரித்த பிறகு எனக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புகிறேன், ஏழு தடவை ஆனாலும் சரி.

அன்புடன்
அக்கா
காட்பாடி